பெரம்பூர் பெரியம்மாவின் ஒன்பது பூஜ்யம்

பெரம்பூர் பெரியம்மா: இன்றைக்கு சர்வே என்று ஒரு பெண் வந்தாள். மனசைப் பற்றி ஒன்பது கேள்வி. எல்லாவற்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சித்தப்பா: ஒன்பதுக்கும் பூஜ்யமா அண்ணி! எங்கள் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார் 😄

கிண்டி அக்கா: அது பிஎச்க்யூ-9 சித்தப்பா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள். போன வருஷம் முழுக்க வீடு வீடாக நான் கேட்டது. இதில் பூஜ்யம்தான் நல்ல மார்க். கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் டாக்டர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் வைத்து வியாதி என்று சொல்லிவிட முடியாது.

சித்தி: அக்கா, ராத்திரி 3 மணிக்கு உங்களை ஆன்லைன் என்று காட்டுகிறதே. தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லையா?

பெரம்பூர் பெரியம்மா: கேட்டாள். எதிர் வீட்டுக்காரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே வாசலில் நின்றாள். அவள் எதிரில் என்னத்தைச் சொல்ல? அதுவும் ‘இரண்டு வாரத்தில் எத்தனை நாள்’ என்றால் யார் எண்ணுகிறார்கள்?

கிண்டி அக்கா: நேற்றுதானே பௌர்ணமி. அமாவாசையிலிருந்து எண்ணுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் 2, அநேகமாக தினமும் என்றால் 3.

நான்: ஆள் நிற்கும்போது கேட்டால் அந்தக் கணக்கு எதற்கு ஆகும்?

கிண்டி அக்கா: தனியாகத்தான் கேட்க வேண்டும். நாலு மாடி ஏறிய களைப்பில் நானும் கோட்டை விட்டதுண்டு. சென்னையிலேயே 25,455 பேரிடம் இதன் 12 கேள்வி வடிவத்தில் கேட்டு 2009-இல் வெளியிட்டார்கள். 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு.

பெரம்பூர் பெரியம்மா: சரி. தூக்கம் 3. சாப்பாடு 2, ஒரு ஆளுக்கு யார் குழம்பு வைப்பது? சீரியல்கூடப் பிடிக்கவில்லை.

சித்தப்பா: அது சீரியலின் குற்றம் அண்ணி.

கிண்டி அக்கா: சித்தப்பா, சும்மா இருங்கள். எதிலும் நாட்டமில்லை என்பதுதான் முதல் கேள்வியே. தினமுமா பெரியம்மா?

பெரம்பூர் பெரியம்மா: 3 போட்டுக்கொள். சாவு நினைப்பு வருகிறதா என்ற கடைசிக் கேள்விதான் குழப்பம். ‘சாமி எப்போது கூப்பிடுமோ’ என்று சும்மா சொல்வோமே, அதுவும் சேர்த்தியா?

கிண்டி அக்கா: வாய்ப்பேச்சா, மனசிலும் ஓடுகிறதா? அதில் 1 வந்தால்கூட மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், உடனே பேசுவோம்.

பெரம்பூர் பெரியம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரம்பூர் பெரியம்மா: இங்கே வேண்டாம். போனில் சொல்கிறேன்.

சித்தப்பா: அண்ணி, சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

கிண்டி அக்கா: இதோ கூப்பிடுகிறேன். ராத்திரி 3 மணிக்கு நான் எடுக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். இப்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் பெரியம்மா.