மலையோர வீடுகளுக்கு பிராட்பேண்ட்: தேவை இல்லையா, கம்பி இல்லையா?

மலையோரவாசி (ஜூன் 2007)
குமரி மாவட்ட மலையோரத்தில், எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பி.எஸ்.என்.எல்.லிடம் பிராட்பேண்ட் கேட்டால் "அங்கே அவ்வளவு தேவை இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. இதை என்னால் ஏற்க முடியாது. பிளஸ் டூ முடிவு வந்த அன்று மார்த்தாண்டத்து பிரவுசிங் சென்டர் வாசலில் முண்டியடித்த பிள்ளைகளில் பலர் குலசேகரம், திற்பரப்பு, அருமனைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். 2007 முடிவுக்குள் 90 லட்சம் இணைப்புகள் என்று 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை இலக்கு வைத்தது. இந்த மார்ச் மாதக் கணக்கில் நாடு முழுவதும் சேர்த்து 25 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கேட்க ஆள் இல்லாமலா இப்படி ஆனது?

நாஞ்சில்வயல்
தம்பி, பிளஸ் டூ முடிவு வருடத்தில் ஒரு நாள் வருவது. ரயில் டிக்கெட் எப்போதாவது எடுப்பது. ரப்பர் விலை காலைப் பத்திரிகையிலேயே இருக்கிறது. இதற்கெல்லாம் போன் லைனில் டயல் செய்து இணையத்துக்குப் போகும் டயல்-அப் போதும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் வீட்டில் மாதம் 500 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கியதும் பாதி வீடுகளில் போனே ஊமையாகிவிடுகிறது. பேசவே வழியில்லாத கம்பியில் வேகம் கேட்பது என்ன நியாயம்?

வேணாட்டான்
டயல்-அப் போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், அண்ணாச்சி. மோடத்தில் 56 கிலோபிட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) என்று எழுதியிருந்தாலும் நம் லைனில் வினாடிக்கு 5 கிலோபைட் வந்தாலே பெரிது. 3 மெகாபைட் கோப்பை இறக்கப் பத்து நிமிடம். அவ்வளவு நேரமும் போன் பிஸி. வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தால் கிடைக்காது. கொள்கை சொல்லும் குறைந்தபட்ச வேகமான 256 கிலோபிட் இருந்தால் அதே கோப்பு இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். பேச்சு தாழ்ந்த அலைவரிசையிலும் இணையம் உயர்ந்த அலைவரிசையிலும் போவதால், ஒரே கம்பியில் இரண்டும் நடக்கும். பிரித்துக் கொடுக்க ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி போதும்.

ஆனால் கம்பியைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் சரியும். தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தாண்டிய வீட்டில் இணைப்பு நிற்பதே பாடு. நம் மேற்குப் பகுதியில் வீடுகள் தெருவாகவா இருக்கின்றன? ஆளுக்கொரு விளை, அதாவது தோட்டம்; விளைக்கு நடுவில் வீடு. போன் கம்பத்திலிருந்து கிளம்பும் கம்பி பலாமரக் கொம்பில் உரசி, தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீட்டுக்குள் வருகிறது. சென்ற வாரம் ஒரு வீட்டில் இணைப்புச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். உள்ளே தண்ணீர் கோத்து, செம்பு பச்சைக் களிம்பேறி, தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. இப்படிப்பட்ட லைனில் பேசினால் கரகரப்பு கேட்கும். மோடத்தை மாட்டினால், இணைப்பு கிடைத்ததைக் காட்டும் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், நிலைக்காது. ஐப்பசித் துலாமழை இடி வேறு இருக்கிறது. மின் இணைப்பைப் பிடுங்கினால் மட்டும் போதாது, போன் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

குளச்சல்கரை
எங்கள் வீட்டில் இணைப்பு இருக்கிறது. என் கணவர் பஹ்ரைனில். வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு மனாமாவில் ஒரு நெட் கடைக்கு வந்து உட்காருவார். இங்கே சின்னவன் கேமராவுக்கு முன் வாயைத் திறந்து, பல் விழுந்த இடத்தைக் காட்டுவான். இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்குள்ள குறை வேறு. மாதம் 1 ஜிபி என்ற அளவுதான் கழுத்தை நெரிக்கிறது. 256 கிலோபிட்டில் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 115 மெகாபைட். ஒன்பது மணி நேரத்தில் மாதத்துக்கு உரியது தீரும். இந்த ஜனவரி முதல் வேகத்தை 2 மெகாபிட் வரை உயர்த்தியிருக்கிறார்கள். முழு வேகத்தில் இறக்கினால் அந்த 1 ஜிபி ஒரு மணி நேரம் சொச்சத்தில் காலி. அளவைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டி என்ன பயன்?

மலையோரவாசி
அக்கா, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராத திட்டம் உண்டே? எங்கள் பக்கம் பால்வெட்டுக்கு விடியுமுன்பே வீடு விழித்துவிடும். பிள்ளைகள் அப்போதே பாடக் குறிப்புகளை இறக்கிக்கொள்ளலாம்.

குளச்சல்கரை
கோப்பு இறக்க அது சரி. இங்கே இரவு 2 மணி என்றால் பஹ்ரைனில் பதினொன்றரை. அதிகாலை வேலைக்குப் போகிற மனிதரை அந்த நேரத்தில் நெட் கடைக்கு வரச் சொல்லவா?

நாஞ்சில்வயல்
அம்மா, உங்கள் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கும் பொருந்துகிறது. அளவு தாண்டினால் மெகாபைட் கணக்கில் பணம். பிள்ளைகள் தெரியாமல் ஏதாவது இறக்கிவைக்க, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைக்கும் வீடுகள் உண்டு. அதைவிட ஊர்தோறும் நூலகத்தில் ஒரு நல்ல இணைப்பு வைத்தால், கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரும்.

குளச்சல்கரை
நூலகம் பிள்ளைகளுக்கு நல்லதுதான், வரட்டும். ஆனால் புருஷனிடம் வீட்டுக் கடனைப் பற்றியும் மாமியார் மருந்தைப் பற்றியும் நாலு பேர் நடுவில் நான் எப்படிப் பேசுவேன்? பொழுது சாய்ந்தபின் அங்கே போய்வர எத்தனை பெண்களை வீட்டில் விடுவார்கள்?

வேணாட்டான்
சிறிய நிலையங்களிலும் பிராட்பேண்ட் கருவியை வைத்தால் தூரம் குறையும், மலையோரத்துக்கும் வேகம் கிடைக்கும். எழுத்தில் கேட்போம். எந்த ஊர், நிலையத்திலிருந்து ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர், மழையில் போன் நிற்கிறதா: இந்த மூன்றையும் வீடு வீடாக எழுதி வாங்கினால், தேவை இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மாத அளவைக் கூட்டச் சொல்லும் அக்காவின் கோரிக்கையும் அதில் இருக்கட்டும்.

மலையோரவாசி
திற்பரப்பு, அருமனைப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாஞ்சில்வயல்
பழைய கம்பியை மாற்றுவது முதல் கோரிக்கையாக இருந்தால் என் கையெழுத்தும் உண்டு. வேகத்தை முதலில் போட்டால் நான் வர மாட்டேன்.