ஓய்வுக்குப் பிறகு எந்த ஊர்? இடம் தேடிப் போன அனுபவங்களைப் பகிருங்கள்

மலையடிவாரம்

எல்லோரும் போகிற மாதிரிதான் நாங்களும் வீடு பார்க்கப் போனோம். ஓய்வூதியம் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது, நகரத்து வாடகைக்கு அது தாங்காது. மலையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னார். காற்று, தண்ணீர், விலை எல்லாம் ஒத்துவந்தது. அதை விரித்து எழுதவில்லை.

வீட்டுக்கார அம்மாதான் சுற்றிக் காட்டினார். எழுபதைத் தாண்டியவர். வாசலில் உறை போட்டு மூடிய கார் ஒன்று நின்றது. முன் சக்கரங்களில் காற்று முழுக்க இறங்கி, ரப்பர் தரையில் மடிந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: “நீங்க வண்டி ஓட்டுவீங்களாம்மா?”

மனைவி இல்லை என்று தலையாட்டினார். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் பேசாமல் அடுத்த அறைக் கதவைத் திறந்தார்.

வீட்டை விற்க நினைப்பவர் அப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்க வேண்டும்? பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது. கணவர் இறந்தபின் அவருக்கு வருவது குடும்ப ஓய்வூதியம், முன்பு வந்ததில் பாதிதான். கடைக்கு, மருந்துக்கு, வங்கிக்கு என்று எதற்கு மலையிறங்க வேண்டுமென்றாலும் வாடகை வண்டி. வருமானம் பாதியான அதே மாதத்தில் போக்குவரத்துச் செலவு புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டு வரியும் கூரைப் பழுதும் ஆள் குறைந்துவிட்டார் என்று குறையுமா?

திரும்பி வரும்போது மனைவி கேட்டார்: “நான் மட்டும் இருந்தா இந்த வீட்ல எப்படி இருப்பேன்?” தரகர் தினமும் கூப்பிடுகிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.


மூன்றாம்தளம்

மலை வேண்டாம், ஊருக்குள் சின்ன ஃபிளாட் போதும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழைய அடுக்குமாடி, லிஃப்ட் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். போன அன்று அது ஓடவில்லை. படியேறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. இரண்டாவது திருப்பத்து நாற்காலியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். கால்களுக்கு நடுவில் மருந்துப் பை. கை கொடுக்கட்டுமா என்று கேட்டேன். “பையை மட்டும் எடுத்துட்டுப் போங்க தம்பி. அடுத்த நாற்காலி வரைக்கும் நான் வந்துடுவேன்” என்றார்.

அந்த நாற்காலிகளைப் போட்டது குடியிருப்பவர்கள்தான். லிஃப்டை மாற்ற வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்க வேண்டும். பாதி வீடுகளில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள். மாதாமாதம் வருவதை வைத்துச் சமாளிப்பவர்களால் ஒரே தடவையில் பெரிய தொகை தர முடியவில்லை. கூட்டம் போடுகிறார்கள், பேசுகிறார்கள், கலைந்துபோகிறார்கள். இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லிஃப்ட் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால்தான் அதற்குப் பணம் கட்ட முடியவில்லை.

ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரிய பழுதுக்கென்று தனியாகச் சேர்த்த நிதி இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அதிலேயே தெரிந்துவிடும்.


கணக்குப்பிள்ளை

பென்ஷன் கவுன்ட்டரில் எனக்கு முன்னால் நின்றவர் பாஸ்புக்கை நீட்டி, “இந்த வருஷமாவது ஏத்தியிருக்காங்களாம்மா?” என்று கேட்டார். உள்ளே இருந்த பெண், “ஐயா, நீங்க எடுத்தது ஏறாத திட்டம். கடைசி வரைக்கும் இதே தொகைதான்” என்றார். அவர் அச்சான வரியைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்துவிட்டு நகர்ந்தார். வருஷா வருஷம் வந்து இதையே கேட்கிறாராம்.

அதனால் ஊர் தேடுகிறவர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும். நிலையான வருமானம் என்பதில் தொகை மட்டும்தான் நிலையானது. 72-ஐ விலைவாசி உயரும் சதவீதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும் என்று தோராயமாக வரும். 6 சதவீதம் என்றால் 12 வருஷம். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 72-இல் இரட்டிப்பு, 84-இல் நான்கு மடங்கு. இதை ஊரோடு பொருத்திப் பாருங்கள். ஏறாத ஓய்வூதியம் 100 பங்கு, ஒரு ஊரில் செலவு 60 பங்கு என்று வைப்போம். மாதம் 40 பங்கு மிச்சம் என்று நிம்மதியாக இருக்கும். அதே 6 சதவீதத்தில் சுமார் 9 வருஷத்தில் செலவு ஓய்வூதியத்தைத் தொட்டுவிடும். 45 பங்கில் முடிகிற ஊர் என்றால் கிட்டத்தட்ட 14 வருஷம் வரை தாங்கும். ஆரம்ப வருஷங்களின் மிச்சம் பின்னாளைய உங்களுக்குச் சொந்தம், அதைத் தொடாதீர்கள்.

1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் சொன்ன 4 சதவீத விதியைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போவது, பணம் 30 வருஷம் தாங்கும் என்பது. அது அமெரிக்கப் பங்குச்சந்தை, கடன்பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு. கையில் பெரிய சேமிப்பும் அதில் கணிசமான பகுதி பங்குகளிலும் இருப்பவர்களுக்கு அது உதவும். மாத ஓய்வூதியம் மட்டுமே உள்ளவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அப்புறம், ஒரு ஊரை அதன் மோசமான பருவத்தில் போய்ப் பாருங்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும், வியர்ப்பதும் குறையும், உடல் சூட்டைத் தானாகத் தணித்துக்கொள்ளத் திணறும். 2003 கோடையில் வெப்ப அலையால் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் முதியவர்கள், பலர் வீட்டில் தனியாக இருந்தவர்கள். வீட்டைக் குளிர்விக்க ஆகும் மின்கட்டணமும் அந்த ஊரின் செலவுதான். எந்த ஊரானாலும் உடனே வாங்காதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.


வாடகைவீடு

கணக்குப்பிள்ளை ஐயா, கணக்கெல்லாம் சரி. “வாடகைக்கு இருந்து பாருங்கள்” என்பது அவ்வளவு சுலபமா?

எங்களுக்கு ஒரு வீடு ரொம்பப் பிடித்துப்போனது. கீழ்த்தளம், நல்ல வெளிச்சம், கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வீட்டுக்காரம்மாவும் சிரித்துப் பேசினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் வயதைக் கேட்டார். சொன்னோம். “தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறது?” என்றார். கணவர் மகனுடைய எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தார். வெளிநாட்டு எண். “இவர் கிளம்பி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் எங்கள் வயதுதான். பக்கத்துப் பகுதியில் தனியாக இருக்கிறார். ராத்திரியில் யாராவது விழுந்தால் முதலில் ஓடி வர வேண்டியவர் அவர்தானே? வீடு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை, அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்று. விலைவாசி ஏறும்போது வாடகையும் ஏறும். ஏறாத ஓய்வூதியத்தில் ஏறுகிற வாடகை கொடுத்து எத்தனை வருஷம் ஓட்டுவது? உங்கள் கணக்கிலேயே அதைப் போட்டுப் பாருங்கள் ஐயா. சின்னதாகச் சொந்த வீடு இருந்தால், மிகப் பெரிய செலவாவது ஓரளவு அப்படியே நிற்கும். ஒரு வருஷம் பார்க்கச் சொல்வது நல்ல யோசனைதான். அதற்கு இடம் கொடுக்கிற வீடு வேண்டுமே.


கடல்கடந்தவர்

அக்கா சொன்னது உண்மை. வெளிநாட்டில் செலவு குறைவு, அங்கே போய் இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன்.

நாங்கள் போய் இருந்த கடற்கரை ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பிரிட்டனிலிருந்து வந்தவர். தினமும் மாலையில் நாணய மாற்று விகிதத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். ஒருநாள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு பத்தியில் விகிதம், அடுத்த பத்தியில் அவருடைய ஓய்வூதியம். விகிதம் வரிக்கு வரி மாறியிருந்தது. ஓய்வூதியப் பத்தியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே எண்.

பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் உள்நாட்டில் வருஷா வருஷம் உயரும். ஆனால் பல நாடுகளில் குடியேறியவர்களுக்கு அது உறைந்துவிடும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு உயர்கிறது. நாட்டைப் பொறுத்த விஷயம் இது, அவர் அதைக் கேட்காமல் வந்திருக்கிறார். அமெரிக்கர்களுக்கு வேறு சிக்கல். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. அப்புறம், பல நாடுகளில் வருஷத்தில் 183 நாள் தங்கினாலே வரி விஷயத்தில் அந்த நாட்டவராகக் கணக்கு வைத்துவிடுவார்கள். விசாவும் வருமானத்தைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். குறைந்தபட்ச வருமான வரம்பு உயர்ந்து, உங்கள் ஓய்வூதியம் உயராவிட்டால்?

அவர் திரும்பிப் போக நினைத்தார். அங்கே இருந்த வீட்டை எப்போதோ விற்றாயிற்று. இந்த ஊரில் மலிவாக இருந்து மிச்சப்படுத்தியதை வைத்து அங்கே ஓர் அறைகூட வாங்க முடியாத நிலை. குடியேறும் கணக்கோடு திரும்பி வரும் கணக்கையும் போடச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.


தோட்டக்காரி

முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றைப் பார்க்கப் போனோம். நூலகம், நடைபாதை, மருத்துவர் அறை என்று அழகாகச் சுற்றிக் காட்டினார்கள். கூட வந்த பெண் ஏதோ அழைப்பு வந்து நகர்ந்தபோது, அறிவிப்புப் பலகை அருகே நின்ற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன்மா. இது என்னன்னு கொஞ்சம் படிங்க.” மாதப் பராமரிப்புக் கட்டணம் 12 சதவீதம் உயர்கிறது என்று போட்டிருந்தது. படித்தேன். “எவ்வளவு?” என்றார். மறுபடி படித்தேன். “போன வருஷம் இவ்வளவு இல்லையே” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கூட வந்த பெண்ணிடம் இரண்டு கேள்விதான் கேட்டேன். கட்டணம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு உண்டா? மறதி நோய் வந்தால் இங்கேயே இருக்கலாமா? முதல் கேள்விக்கு “நிர்வாகம் முடிவு செய்யும்” என்றார். இரண்டாவதற்குப் பதில் சொல்ல மேலாளரைக் கூட்டி வந்தார். முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அதாவது எதற்காக அங்கே போகிறோமோ, அது வரும்போது வெளியே.

எல்லா இடமும் அப்படி இல்லை. கவனிப்பு வசதியோடு கட்டியவையும் உண்டு. ஆனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு, எப்போது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.


இரவுப்பணி

எல்லோரும் பணத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது தூரம்.

மாமனார் ஓய்வுக்குப் பிறகு தேர்ந்தெடுத்த ஊரில் மருத்துவமனை நடக்கிற தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வீடே வாங்கினார். ஒரு விடியற்காலை எழுந்தபோது வாய் கோணியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அந்த மருத்துவமனையின் வாசலைத் தாண்டி வண்டி வேகமாகப் போனது. “இங்கேயே இருக்கே, ஏன் தாண்டிப் போறீங்க?” என்று கத்தினேன். ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: “அங்க ஸ்கேன் இல்லம்மா.”

பக்கவாதம் இரண்டு விதம். ரத்தக்கட்டி அடைப்பதும் உண்டு, ரத்தம் கசிவதும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கசிவில் போட்டால் ஆபத்து. அதனால் ஸ்கேன் எடுக்காமல் மருந்து போட மாட்டார்கள். பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரம் அவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போதோ அங்கிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தூக்கத்தில் வந்தால் நாம் கண்டுபிடிக்கும்போதே பாதி நேரம் போயிருக்கும். மாமனாருக்கு மருந்து போடும் நேரம் தாண்டிவிட்டது என்று சொன்னார்கள். இப்போது இடது கையால் கையெழுத்துப் போடப் பழகுகிறார்.

அதனால் ஊரில் மருத்துவமனை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்கேன் இருக்கிறதா, ராத்திரியில் அதை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டயாலிசிஸ் எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் வாரம் 3 முறை போக வேண்டியிருக்கும், தூரமாக இருந்தால் வண்டிச் செலவே ஓய்வூதியத்தைத் தின்றுவிடும்.

என் அண்ணன் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இதையெல்லாம் சொன்னால், “ஆஸ்பத்திரி வாசலில் குடியிருக்கவா இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்? ஆறும் தோப்பும் உள்ள ஊரில் பத்து வருஷம் நிம்மதியாக இருந்தால் போதும்” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆறும் தோப்பும் உள்ள ஊரில் இருந்துகொண்டு அவசரத்துக்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவருக்குக் காட்ட வேண்டும்.