மருந்தைத் தள்ளுமுன் ஒருமுறை பின்னால் இழுங்கள்: உங்கள் ஊசி அனுபவங்கள்

ஆடு வளர்ப்பவர்:

நான்கு ஆண்டுகளாக என் ஆடுகளுக்கு நானே ஊசி போட்டு வருகிறேன். மருத்துவர் வந்து பார்ப்பார், மருந்தையும் அளவையும் எழுதிக் கொடுப்பார், முதல் ஊசியை அவரே போடுவார். மிச்ச நாள்களுக்கு நான். சென்ற மாதம் வரை கை நடுங்கியதில்லை, இப்போது நடுங்குகிறது. நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

மூன்று வயதுப் பெட்டையாடு. மூக்கில் சளி, இருமல், அசை போடுவது நின்றுவிட்டது. ஆட்டுக்கு 103 டிகிரி பாரன்ஹீட் இயல்பான சூடுதான், இதற்கு 105.5 இருந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட மருத்துவர் நுரையீரல் அழற்சி என்றார், ஐந்து நாளைக்கு புரோக்கெய்ன் பெனிசிலின் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி எழுதினார். பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: கரைத்து வைத்த மாவைப் போல அடியில் தங்கிவிடும் வெள்ளை மருந்து. உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து நன்றாக உருட்டிக் கலக்காவிட்டால் மருந்தை விட்டுவிட்டு நீரைத்தான் சிரிஞ்சில் ஏற்றுவோம்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் மாலை மழை, ஒற்றை ஆளாக இருந்தேன், ஆடு திமிறியது. கழுத்துத் தசையில் குத்தி, ரத்தம் வருகிறதா என்று பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பார்க்காமல் தள்ளிவிட்டேன். ஊசியை உருவுவதற்குள் ஆடு ஒரு முழம் எகிறியது. பிறகு பக்கவாட்டில் விழுந்தது. கண்கள் மேலே சொருகிக்கொள்ள, நான்கு கால்களும் ஓடுவது போல் காற்றில் அடித்துக்கொண்டன. செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஐந்தாறு நிமிடம் இருக்கும்; எனக்கு அது அரை நாள். மெல்ல எழுந்து நின்றது, தள்ளாடியது, என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போனது. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

தொலைபேசியில் கேட்ட மருத்துவர், "ரத்தக்குழாயில் போட்டுவிட்டீர்கள்" என்றார். பெனிசிலினோடு சேர்ந்திருக்கும் புரோக்கெய்ன் தசையில் மெதுவாகக் கசிந்தால் ஒன்றும் செய்யாது. நேராக ரத்தத்தில் கலந்தால் சில நொடிகளில் மூளையைப் பிடித்து உலுக்கிவிடுமாம். மறுநாள் அவர் முன்னால் போட்டபோது பிஸ்டனைப் பின்னால் இழுத்துக் காட்டினார். ரத்தம் வந்தால் வெள்ளை மருந்துக்குள் சிவப்பு நூல் ஒன்று சுருண்டு ஏறும், அப்போது ஊசியை உருவிவிட்டு வேறு ஊசி, வேறு இடம் என்றார். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நொடி.

கூடவே இன்னொரு குட்டும் கிடைத்தது. ஆட்டின் எடை 25 கிலோ என்று நான்தான் கண்ணால் மதித்துச் சொல்லியிருந்தேன். அவர் தராசில் ஏற்றினார், 34 காட்டியது. மூன்று நாளும் மருந்து குறைவாகத்தான் போயிருக்கிறது.


கறவை மாடு வைத்திருப்பவர்:

உங்கள் ஆடு பிழைத்ததே பெரிது. என் கதையில் மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் அவசரத்துக்குத்தான் தண்டனை.

பின்பக்க இடது மடி கல்லாகிச் சூடேறியிருந்தது. கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்தால் பால் திரிதிரியாக நின்றது. மடிநோய். காய்ச்சலும் இருந்ததால் காம்புக்குள் செலுத்தும் குழாய் மருந்து போதாது என்று கழுத்தில் ஊசியும் போட்டார்கள். இரண்டாம் நாளே பால் வெள்ளையாக வந்துவிட்டது. நல்ல மாட்டுக்கு எதற்கு ஊசி என்று நானே நிறுத்தினேன். பன்னிரண்டாம் நாள் அதே மடி, முன்னைவிடக் கடினமாக. இந்த முறை மருந்தைத் தொடுவதற்கு முன்பே பால் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினோம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கூடுகள் கட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும் கிருமி. பால் தெளிந்ததைப் பார்த்து ஏமாந்தவன் நான் ஒருவனல்லவாம். அந்த மடி இன்றுவரை பாதிப் பால்தான் தருகிறது.

இரண்டாவது தவறு இன்னும் வெட்கக்கேடு. நோய் கண்ட மடியின் பாலைத் தனியே கொட்டிவிட்டு மற்ற மூன்றையும் பொதுத் தொட்டியில் சேர்த்தேன். கழுத்தில் போட்ட மருந்து ரத்தத்தோடு நான்கு மடிக்கும்தான் போகும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. சேகரிப்பு நிலையத்தில் சோதித்து மொத்தத் தொட்டியையும் திருப்பிவிட்டார்கள். இப்போது ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்பு நாடா கட்டிவிடுகிறேன். பாலை விற்காமல் விலக்கி வைக்கும் நாள்களைக் கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.


பூனை வளர்ப்பவர்:

எங்கள் கடுவன் சண்டைக்காரன். வாலடியில் கடிபட்டு வந்தான், அப்போது ஒரு புள்ளிதான் தெரிந்தது. பூனைப் பல் ஊசி போலக் குத்திக் கிருமியை உள்ளே விட்டுவிடும், மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் எலுமிச்சை அளவு வீக்கம். மாத்திரை கொடுக்க முயன்று என் விரலிலும் கடி வாங்கியதுதான் மிச்சம்.

மருத்துவர் செஃபோவெசின் என்ற ஊசியைத் தோலுக்கடியில் ஒரே தடவை போட்டார், இரண்டு வாரத்துக்கு வேலை செய்யும் என்றார். எனக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஒவ்வாமை வந்தால் அதுவும் நீடிக்கும், மனிதர்களுக்கும் வேண்டிய மருந்துக் குடும்பம் இது, மாத்திரை கொடுக்கவே முடியாத விலங்குக்குத்தான் இதை எடுப்பேன் என்றார். அதைவிட முக்கியமாக, ஊசிக்கு முன்பே கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றிக் கழுவினார். சீழ் நிறைந்த பைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராதாம். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.


முயல் வளர்ப்பவர்:

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எழுதவே பிடிக்கவில்லை. நாய்க்கு வாங்கி மீந்த அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழி கொடுத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல், நான்காம் நாள் இறந்துவிட்டது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமி பெருகிவிட்டது என்றார்கள். அடுத்த முயலுக்குத் தாடையில் சீழ்க்கட்டி வந்தபோது அதே பெனிசிலின் குடும்ப மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார் மருத்துவர், பிழைத்துக்கொண்டது. முயலுக்கு அது வாய்வழி போனால் ஆபத்து, ஊசியாகப் போனால் பெரும்பாலும் தாங்கும். கினிப்பன்றிக்கு ஊசியாகவும் கூடாதாம்.


கால்நடை மருத்துவர்:

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் ஆடு வளர்ப்பவருக்கு: அடுத்த முறை அப்படி விழுந்தால் பிடித்து அமுக்காதீர்கள், சுற்றியுள்ள இடிக்கும் பொருள்களை அகற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நீங்கள் கண்டது ஒவ்வாமை அல்ல. பெனிசிலின் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்கள் கழித்து வரும். முகம் வீங்கும், மூச்சு இழுக்கும், உடல் தளரும். அதற்கு அட்ரினலின் வேண்டும். ஊசி போட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் அரை மணி நேரம் கண் பார்வையில் வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். புரோக்கெய்ன் பெனிசிலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

தொடையில் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு: இளைத்த ஆட்டுக்கும் கன்றுக்கும் தொடையில் தசை குறைவு, அடியில் பெரிய நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் கால் இழுத்துக்கொள்ளும். இரண்டு கன்றுகளை அப்படி வாழ்நாள் முழுக்க நொண்ட விட்டதைப் பார்த்திருக்கிறேன். கழுத்துதான் என் தேர்வு. நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் தசையை எரிக்கும், பெரிய மாட்டுக்கும் ஓரிடத்தில் 10 மில்லியைத் தாண்டாமல் பிரித்துப் போடுங்கள்.

இனி எனக்கே வயிற்றைக் கலக்கும் மருந்து: டில்மிகோசின். மாட்டின் நுரையீரல் நோய்க்கு நல்ல மருந்து, தோலுக்கடியில் மட்டும். வெள்ளாட்டுக்கும் குதிரைக்கும் பன்றிக்கும் ஊசியாகப் போட்டால் உயிரை எடுக்கும். மனிதரையும் எடுத்திருக்கிறது. இதயத்தைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது. ஒருமுறை என்னோடு வந்த உதவியாளர் மருந்து ஏற்றிய சிரிஞ்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பியைத் தாண்டினார். அன்று நான் கத்திய கத்தலில் மாடுகளே மிரண்டன. மருந்து ஏற்றிய ஊசியோடு தடுப்பைத் தாண்டாதீர்கள், சட்டைப்பையில் வைக்காதீர்கள். குத்திவிட்டால் கொஞ்சம்தானே என்று இருக்காமல் ஐஸ் ஒற்றியபடி மருத்துவமனைக்குப் போங்கள், குப்பியையும் எடுத்துப் போங்கள்.

பூனைக்காரர்களிடம் ஒன்று. என்ரோஃப்ளாக்சசினை நாளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் பூனையின் விழித்திரை கெடலாம், பார்வை திரும்பாமலே போகலாம். மாட்டுக்கான குப்பியில் மருந்து 10 சதவீதம், சிறு விலங்குக்கானதில் 2.5 சதவீதம். குப்பி மாறினால் அதே அரை மில்லியில் நான்கு மடங்கு போய்விடும். அப்படிப் பார்வையிழந்த ஒரு பூனையை என்னிடம் கொண்டுவந்தார்கள். என்னால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

"ஊசி போட்டேன், மாலையே காய்ச்சல் விட்டது, அதனால் மருந்து சரி" என்று அடிக்கடி கேட்கிறேன். அன்று கூடவே காய்ச்சலுக்கும் ஓர் ஊசி போயிருக்கும், அதன் வேலை அது. கிருமிக்கொல்லியை மதிப்பிட எனக்கு 48 மணி நேரமாவது வேண்டும். அதற்குள் சூடு இறங்கி, தீனி எடுத்து, அசை போட ஆரம்பித்ததா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயைத்தான் மறுபடி பார்ப்பேன். உண்ணி கொண்டுவரும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியாக இருந்தால் பெனிசிலினை எத்தனை குப்பி போட்டாலும் வீண்.


நாய் வளர்ப்பவர்:

அப்படியென்றால் ஒரு சந்தேகம். என் நாய்க்குட்டிக்குப் பார்வோ. வைரஸ் நோய் என்று சொல்லிவிட்டு, கிருமிக்கொல்லியும் ஊசியாகப் போட்டார்கள். அது தேவையா, பில்லைக் கூட்டுவதற்கா?


கால்நடை மருத்துவர்:

தேவைதான். வைரஸை அது தொடாது. ஆனால் பார்வோ குடலின் உள்தோலை உரித்துவிடும், வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். குடலில் சாதுவாக இருந்த பாக்டீரியா அந்த வழியாக ரத்தத்தில் இறங்கும். ஊசி அதற்கு. வாந்தி எடுக்கும் குட்டிக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை என்பதால்தான் ஊசியாகப் போடுகிறோம். காப்பாற்றுவதில் பெரும்பங்கு சலைனுக்குத்தான், கிருமிக்கொல்லி கூட நிற்கும் ஆள். குட்டி எப்படி இருக்கிறது?


நாய் வளர்ப்பவர்:

நேற்று இரவு முதல் வாந்தி இல்லை. இன்று காலை என் செருப்பைக் கடித்தது.


கறவை மாடு வைத்திருப்பவர்:

ஆடு வளர்ப்பவரே, மீந்த மருந்தை என்ன செய்கிறீர்கள்? என்னிடம் பாதிபாதியாக ஐந்து குப்பி கிடக்கிறது.


ஆடு வளர்ப்பவர்:

முன்பெல்லாம் அடுத்த நோய்க்கு ஆகும் என்று வைத்துக்கொள்வேன். பயன்படுத்திய ஊசியையே திரும்பக் குப்பியில் குத்துவேன், அது இன்னும் கேவலம். இப்போது ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் புது ஊசியால்தான் எடுக்கிறேன். முதல் தடவை குத்திய தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதிவிடுகிறேன். என் குப்பியின் தாளில் திறந்த பிறகு 28 நாள் என்று போட்டிருக்கிறது, உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

நீங்கள் கேட்டதும் போய் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டையாட்டுக்குப் போட்ட வெள்ளை மருந்து, இன்றோடு 31 நாள். பாதிக்கு மேல் இருக்கிறது. நாளை மருத்துவர் வரும்போது அவரிடமே கொடுத்துவிடப் போகிறேன். ஆடு இப்போதும் நான் சிரிஞ்சை எடுத்தால் தொழுவத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொள்கிறது.