திருச்சியிலிருந்து கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், லாவோஸ்: கோடை விடுமுறையில் ரயில் பயணம், வழிகாட்டல் தேவை

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இறுதியாண்டு படிக்கும் நண்பர்கள் நால்வர் நாங்கள். இருவர் ஆண்கள், இருவர் பெண்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் தேர்வு முடிந்துவிடும். ஜூன் பிறந்தால் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்கும் மேற்படிப்புக்கும் பிரிந்துவிடுவோம். அதற்குள் ஒரு முறையாவது சேர்ந்து வெளிநாடு போய்வர வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக டியூஷன் எடுத்தும் விடுமுறை வேலை பார்த்தும் சேமித்து வந்திருக்கிறோம். விமானக் கட்டணம் உட்பட ஒருவருக்கு 70,000 ரூபாய்தான் எங்கள் எல்லை.

முதலில் ஐரோப்பாவைத்தான் யோசித்தோம். ஒரே பாஸில் 33 நாடுகளின் ரயில்களில் ஏறலாம் என்பதும், 27 வயது வரை இளையோர் சலுகை உண்டு என்பதும் ஆசை காட்டின. ஆனால் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதன்மேல் காப்பீடு, சென்னைக்கு அலைச்சல், விமானக் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தபோது, ரயிலில் கால் வைப்பதற்கு முன்பே பணம் கரைந்துவிடும் என்பது தெரிந்தது. ஆகவே திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கும் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து முழுவதும் ரயிலிலேயே வடக்கு நோக்கிப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

ஏப்ரல் 10 அன்று புறப்பட்டு, 16 நாள்களில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், காஞ்சனபுரி, லாவோஸில் உள்ள வியன்டியான், லுவாங் பிரபாங் என்று வரிசை போட்டிருக்கிறோம். மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்கு ரயிலிலேயே எல்லை கடக்க முடியுமா, இந்தப் பட்டியலில் எதை விடலாம் என்பவை எங்கள் கேள்விகள். இரவு ரயிலில் பெண் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்களில் ஒருவர் முட்டைகூடச் சாப்பிடாதவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகைத்துறை எழுதியது:

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அந்த வழியை நான் மூன்று முறை ரயிலில் போய்ப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தேர்ந்த வழி நல்ல வழி, தேதிதான் தவறு.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் புத்தாண்டு. நமக்குச் சித்திரை முதல் நாள் வரும் அதே வேளையில் அங்கே நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய இரவு தாம்பரத்தில் ரயில் ஏற முயன்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் 20-க்குப் பிறகு புறப்படுங்கள். வெயில் கடுமையாகத்தான் இருக்கும். தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

சிங்கப்பூரை விட்டுவிடுங்கள். அதற்கு விசா எடுக்க வேண்டும், தங்கும் செலவும் உங்கள் கணக்கைக் குலைத்துவிடும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது. தாய்லாந்தும் 2024-இல் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்திருந்தது. லாவோஸ் எல்லையில் டாலர் கட்டி விசா வாங்கிக்கொள்ளலாம். இவை அடிக்கடி மாறும் விதிகள் என்பதால் பயணச்சீட்டு வாங்கும் நாளில் தூதரகத் தளங்களை மறுபடியும் பாருங்கள். மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் மின்னணு வருகை அட்டையை, நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். சுற்றுலா என்று சொல்லி நம் மாவட்டங்களின் இளைஞர்களை அழைத்துப் போய், மோசடி வேலைகளில் சிக்கவைத்த தரகர்களால், இளைஞர் கூட்டமாகப் போனால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரிகள் துருவிக் கேட்பார்கள். கல்லூரி அடையாள அட்டை, திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிட முன்பதிவு, கையிருப்புப் பணத்துக்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு ஆளுக்கொரு கோப்பாக வைத்துக்கொண்டு, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கான கேள்விதான்.

இனி ரயிலுக்கு வருவோம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்ரயில் போகிறது; அங்கிருந்து படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். இ.டி.எஸ். இருக்கைகள் முன்பதிவில் தீர்ந்துவிடும் என்பதால் அதை முதலில் வாங்குங்கள். பட்டர்வொர்த்திலிருந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை கொம்யூட்டர் ரயில் இருக்கிறது. முன்பதிவே வேண்டாம், ஏறக்குறைய 2 மணி நேரம், கட்டணமும் மிகக் குறைவு. இரண்டு நாடுகளின் குடியேற்றச் சோதனையும் அந்த ஒரே நிலையத்துக்குள் அடுத்தடுத்து நடக்கின்றன. மலேசிய முத்திரை வாங்கிச் சில அடி நடந்தால் தாய்லாந்து முத்திரை. பிறகு அதே நடைமேடையில் நிற்கும் தாய்லாந்து ரயிலில் ஏற வேண்டியதுதான். தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் வரை 50 பாட் (தாய்லாந்துப் பணம்), ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தொகையைப் பாட்டாகவே கையில் வைத்திருங்கள்.

இந்த வழியில் நான் வற்புறுத்தும் இடம் ஒன்று உண்டு. பட்டர்வொர்த்துக்கு வடக்கே சுங்கை பட்டாணி என்ற நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரைப் பகிர்ந்துகொண்டு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தக் கெடா மாநிலம்தான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை அங்கே சென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தப் பிராகாரத்தைச் சுற்றி வரும் கும்பகோணத்துப் பிள்ளைகள், கடாரத்தைத் தூங்கிக்கொண்டே கடந்து போவது எனக்குப் பொறுக்காது. மலைச்சரிவில் மீட்டெடுத்து நிறுத்தியிருக்கும் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம்.

கம்போடியாவைச் சேர்க்கலாமா என்று பின்னால் யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 2025 மோதலுக்குப் பிறகு தாய்லாந்தோடு இருந்த தரைவழி எல்லை மூடப்பட்டது.

மன்னை எழுதியது:

நாகை ஐயா சொன்னதோடு பெண்கள் பக்கத்துச் செய்திகளை நான் சேர்க்கிறேன். நானும் என் தோழியர் மூவரும் இதே வழியில் சென்று திரும்பினோம்.

ஹாட்யாயிலிருந்து பாங்காக் ஏறக்குறைய 950 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். குளிரூட்டிய இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு ஆயிரம் பாட்டை ஒட்டிக் கட்டணம் ஆகும். ஓர் இரவு விடுதி வாடகை மிச்சம் என்பதால் அது நட்டமில்லை. படுக்கைகள் நம் ரயிலில் இருப்பதுபோல் குறுக்காக இல்லாமல், நடைபாதையின் இருபுறமும் நீளவாக்கில் இருக்கும். பெட்டி முழுவதும் நம் ஊர்ச் சைடு லோயர், சைடு அப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரான இரண்டு இருக்கைகளைப் பணியாளர் வந்து இழுத்துச் சேர்த்து, மேலிருந்து மெத்தையை இறக்கி, உறை பிரிக்காத வெள்ளை விரிப்பைப் போட்டு, கடைசியில் திரையை மாட்டிவிட்டுப் போவார். திரையை இழுத்துவிட்டால் உள்ளே நீங்களும் சன்னலும்தான். கீழ்ப்படுக்கை அகலம், கட்டணமும் சற்றுக் கூட. மேலே சன்னல் இல்லை, விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும். சில இரவு ரயில்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டி உண்டு. ஆனால் நீங்கள் நால்வராக இருப்பதால் இரண்டு கீழ், இரண்டு மேல் என ஒன்றாக எடுப்பதே நல்லது. தாய்லாந்து ரயிலிலும் நிலையத்திலும் மது அருந்துவது 2014 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை வீட்டில் சொல்லுங்கள், என் அம்மாவுக்கு அந்த ஒரு செய்தியே போதுமாக இருந்தது. ஹாட்யாயிலிருந்து தென்கிழக்கே யாலா, சுங்கை கோலோக் பக்கம் போகும் பாதை மட்டும் வேண்டாம். அந்த மாகாணங்களில் 2004 முதல் வன்முறை ஓயவில்லை.

எல்லையில் கடிகாரம் மாறும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்னால். வடக்கே போகும்போது இது உங்களுக்குச் சாதகம், திரும்பும்போதுதான் ஆபத்து. ஹாட்யாயிலிருந்து தாய்லாந்து நேரப்படி எட்டு மணிக்குப் பாடாங் பெசாரில் வந்து இறங்கினோம், கோலாலம்பூர் ரயில் ஒன்பதுக்குள் என்று சீட்டில் இருந்தது, முக்கால் மணி இருக்கிறதே என்று நிதானமாகக் காபி வாங்கப் போனோம். மலேசியக் கணக்கில் அப்போதே ஒன்பது தாண்டியிருந்தது. நால்வரின் சீட்டும் வீண். அடுத்த ரயிலில் இடம் கிடைக்கும் வரை நடைமேடையிலேயே மதியம் கழிந்தது. நீங்கள் பாங்காக்கிலிருந்தே விமானம் ஏறுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கிலும் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். தாய்லாந்தில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதிய கடையைத் தேடுங்கள். அங்கே முட்டையும் மீன் சாறும் சேர்க்க மாட்டார்கள். வெறுமனே காய்கறி மட்டும் என்று சொன்னால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். இரவு ரயிலுக்குப் புளியோதரைப் பொடியும் ஹாட்யாயில் வாங்கிய வெள்ளைச் சோறும் எங்களைக் காப்பாற்றின.

கொள்ளிடம் எழுதியது:

எல்லோரும் வழி சொல்லிவிட்டீர்கள். நான் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். உங்கள் திட்டத்தில் காஞ்சனபுரி ஓர் இரவாக இருந்தால் அதை இரண்டு இரவாக்குங்கள். அதற்காக லாவோஸை விட வேண்டியிருந்தாலும் விடுங்கள்.

என் பாட்டியின் அண்ணன் மலாயாவின் பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பானியர் ஆட்சியில், சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) வேலைக்கு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு சீர்காழிக்குக் கடிதம் வரவில்லை. காஞ்சனபுரி வழியே பர்மாவையும் சயாமையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஏறக்குறைய 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காலராவிலும் பட்டினியிலும் எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகிறது. நான் வரிசை வரிசையாக நடந்து படித்தேன். நம் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை, இருக்கவும் முடியாது, அது படைவீரர்களுக்கானது. பக்கத்தில் உள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்தில் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். அங்கே அரை நாள் ஒதுக்குங்கள்.

பாங்காக்கில் பெரிய நிலையத்திலிருந்து அல்ல, ஆற்றுக்கு மேற்கே உள்ள தொன்புரி நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு ரயில்கள் போகின்றன. மூன்றாம் வகுப்பு மட்டும்தான், வெளிநாட்டவருக்கு 100 பாட், மின்விசிறி, திறந்த சன்னல். காஞ்சனபுரியில் இறங்கிவிடாமல் மறுநாள் ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் வரை போங்கள். குவே ஆற்றுப் பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் வளைவில்லாமல் கோண வடிவில் இருப்பதைப் பாருங்கள். குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை அவை. தாம் க்ரசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரத் தூண்களின்மேல் ரயில் ஊர்ந்து செல்லும். கையை நீட்டினால் பாறை தொடும் தூரத்தில் இருக்கும், அதில் உளி பட்ட தடம் தெரியும்.

நாகைத்துறை எழுதியது:

கொள்ளிடம் சொல்வதை ஏற்கிறேன். லாவோஸும் நல்ல ஊர்தான். 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து வியன்டியானுக்கு நேரடி இரவு ரயில் இருக்கிறது, அங்கிருந்து 2021-இல் திறந்த சீன ரயில்பாதையில் 2 மணி நேரத்தில் லுவாங் பிரபாங் போய்விடலாம். ஆனால் ஏப்ரல் இறுதியில் காட்டெரிப்புப் புகை மலைகளை மூடியிருக்கக்கூடும். அதை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நால்வரும் உட்கார்ந்து பேசினோம். சிங்கப்பூரும் லாவோஸும் இல்லை. ஏப்ரல் 22 அன்று திருச்சியில் புறப்பட்டு, கோலாலம்பூர் இரண்டு இரவு, பினாங்கு மூன்று இரவு, வழியில் கடாரம், இரவு ரயில், பாங்காக், காஞ்சனபுரி இரண்டு இரவு என்று 13 நாள்களில் முடிக்கிறோம். மூன்று நாள் செலவு மிச்சமானதில், இரவு ரயிலில் பெண்கள் இருவருக்கும் கீழ்ப்படுக்கை எடுத்துவிட்டோம். அதைச் சொன்ன பிறகுதான் இரண்டு வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

கொள்ளிடம் ஐயா, உங்கள் பாட்டியின் அண்ணன் பெயரையும், அவர் இருந்த தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதையும் தனிச்செய்தியில் அனுப்புவீர்களா? அந்த அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கிறோம்.

கொள்ளிடம் எழுதியது:

அனுப்பியிருக்கிறேன், தம்பி. தோட்டத்தின் பெயர் பாட்டி சொல்லிக் கேட்டது, எழுத்துச் சற்று முன்பின் இருக்கலாம். ‘நாம் தோக்’ போகும்போது இடப்பக்கம் அமருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.