கெக்கில் இருந்து நுரையாகக் கொட்டுகிறது, அடியில் இருக்கும் பீர் மட்டும் சப்பென்று இருக்கிறது

பாட்டில் கழுவி அலுத்தவன்:
வணக்கம். மெல்போர்னில் வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். மூன்று வருடமாகப் பாட்டிலில்தான் அடைத்தேன். ஒரு தடவைக்கு அறுபது பாட்டில் கழுவ வேண்டும், என் மனைவி சமையலறைப் பக்கம் வரவே மாட்டாள். அதனால் போன மாதம் செகண்ட் ஹேண்டில் 19 லிட்டர் பால்-லாக் கெக் (குழாய்களைச் சொருகிப் பூட்டுகிற எஃகு பீப்பாய்) ஒன்று, 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு கேஸ் பாட்டில், ரெகுலேட்டர், கதவில் பீர் ஊற்றும் டேப் வைத்த பழைய ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து வாங்கினேன்.

முதல் பேட்ச் கேலக்ஸி ஹாப் (பீருக்கு வாசனை தரும் ஒரு பூ வகை) போட்ட பேல் ஏல் பீர். நன்றாகப் புளித்து அடர்த்தி 1.010-இல் நின்றது. கெக்கில் மாற்றி, ஃபிரிட்ஜை 4 டிகிரியில் வைத்து, 30 பிஎஸ்ஐ கேஸ் அழுத்தம் கொடுத்து மூன்று நாள் விட்டேன். சீக்கிரம் ஆகட்டும் என்று நடுவில் இரண்டு தடவை உருட்டியும் விட்டேன். பிறகு 12-க்கு இறக்கி டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. பத்து நிமிடம் காத்திருந்து குடித்தால், கேஸே இல்லாத பழச்சாறு மாதிரி இருக்கிறது. 4 பிஎஸ்ஐ வரை குறைத்துப் பார்த்தேன். மெதுவாக வருகிறது, ஆனால் வருவது அதே நுரைதான். டேப்புக்குப் போகும் குழாய் ஒரு மீட்டர் இருக்கும், கூடவே வந்தது.

அடுத்த சனிக்கிழமை மச்சான் குடும்பத்தோடு வருகிறார். கேஸ் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா? அதுவே எனக்குப் புரியவில்லை.

கராஜ் ப்ரூவர்:
நண்பரே, முதலில் ரெகுலேட்டர் திருகில் இருந்து கையை எடுங்கள். நானும் முதல் வருடம் முழுக்க அதைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாகக் கெக்கில் ஊற்றுகிறேன். நுரைப் பிரச்சினை என்று வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள், அதனால் இன்னும் மோசமாகிறது.

உங்கள் பீரில் கேஸ் கூடித்தான் போயிருக்கிறது. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால் பீர் தானாக 2.5 வால்யூமில் போய் நிற்கும். அதாவது ஒரு லிட்டர் பீருக்குள் இரண்டரை லிட்டர் கேஸ். பேல் ஏலுக்கு அதுதான் அளவு. அதே குளிரில் 30 பிஎஸ்ஐ என்றால் அது போய் நிற்கிற இடம் 4 வால்யூமுக்கும் மேல். 30-இல் ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள் வைக்கலாம், உருட்டாமல். நீங்கள் மூன்று நாள் வைத்து உருட்டியும் இருக்கிறீர்கள்.

அப்புறம் ஏன் சப்பென்று இருக்கிறது? கேஸ் எல்லாம் நுரையோடு வெளியே போய்விட்டது. கிளாஸில் மிஞ்சுவது கேஸ் பறிகொடுத்த பீர். அழுத்தத்தை 4-க்கு இறக்கியதும் பீர் குழாய்க்குள்ளேயே கேஸைக் கக்க ஆரம்பிக்கிறது. அதைப் பிடித்துவைக்கத்தான் கெக்கில் அழுத்தமே வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கேஸ் டிஸ்கனெக்டை (கேஸ் குழாயைக் கெக்கோடு இணைக்கும் முனை) கழற்றுங்கள். மூடியில் இருக்கும் ரிலீஃப் வால்வை மெல்ல இழுத்து விடுங்கள். கெக் நிறைந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் நுரை முகத்தில் அடிக்கும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி, ஒரு நாள் முழுக்க. பிறகு 12-இல் மாட்டி ஒரு கிளாஸ் ஊற்றிப் பாருங்கள்.

குழாய் விஷயம். ஒரு மீட்டர் போதவே போதாது. 12 பிஎஸ்ஐயில் தள்ளுகிற பீரை வழியிலேயே நிதானப்படுத்துவது குழாயின் நீளம்தான். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வினைல் குழாய் என்றால் மூன்று மீட்டர் போடுங்கள். 4 மில்லிமீட்டர் என்றால் இரண்டு போதும். சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். நீளமாக வாங்கினால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம், குட்டையானதை நீட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஊற்றும்போது டேப்பைப் பார்க்காதீர்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்து குழாயைப் பாருங்கள். குமிழி எங்கே ஆரம்பிக்கிறது? கெக்கின் பீர் டிஸ்கனெக்டில் இருந்தே வந்தால் ஒன்று கேஸ் கூடியிருக்கிறது, இல்லை உள்ளே ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. குழாய் முழுக்கத் தெளிவாக இருந்து டேப்பில் மட்டும் நுரைத்தால் டேப் சூடாக இருக்கிறது என்று அர்த்தம்.

யர்ரா கரைக்காரன்:
கராஜ் ப்ரூவர் அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கேஸ் மாட்டியபடியே கெக்கைப் படுக்கவைத்து உருட்டாதீர்கள். எனக்கு ஒரு தடவை பீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டருக்குள் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் பிசுபிசுவென்று சர்க்கரை. கேஸ் லைனில் ஒரு ஒருவழி வால்வு போட்டுவிடுங்கள், சில டாலர்தான்.

நான் கேஸ் பாட்டிலை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பாட்டிலுக்குப் போடுகிற சர்க்கரையில் பாதி அளவை கெக்கில் போட்டு, வெளியே இரண்டு வாரம் விட்டுவிடுவேன். முதல் கிளாஸ் கலங்கி வரும், அதைக் கொட்டிவிட்டால் சரி. அவசரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கராஜ் ப்ரூவர்:
சர்க்கரை முறை நல்லதுதான். சனிக்கிழமைக்குள் ஆகாது, அவ்வளவுதான். அவருக்கு அடுத்த பேட்சுக்கு நான் சொல்வது: முதல் நாளே 12-இல் வைத்துவிட்டு பத்து நாள் மறந்துவிடுங்கள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

கேஸ் தீர்ந்ததா என்று அழுத்த மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே திரவமாக இருக்கும்வரை முள் அசையாது, அசையும்போது பாட்டில் காலி. தராசில் நிறுத்துப் பாருங்கள். கேஸ் பாட்டில் இருக்கும் அறை அடைப்பாக இருக்கக் கூடாது. கசிந்தால் இந்த வாயு தரையோடு படியும், ஆளை மயக்கும். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

பாட்டில் கழுவி அலுத்தவன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கெக்கின் டிஸ்கனெக்டில் இருந்தே குமிழி சரம் சரமாக வந்தது. ஒரு நாள் முழுக்க வால்வை இழுத்துக் கேஸ் இறக்கினேன். 12-இல் மாட்டினால் நுரை குறைந்தது, ஆனால் அந்தச் சரம் நிற்கவில்லை. அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிவிட்டு பீர் போஸ்டை (கெக்கில் பீர் டிஸ்கனெக்ட் மாட்டும் முனை) ஸ்பேனரால் கழற்றினேன். கெக்குக்குள் அடியில் இருந்து பீரை மேலே கொண்டுவரும் நீளக் குழாயின் தலைக்கு அடியில் ஒரு சின்ன ஓ-ரிங். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலில் வைத்து வளைத்ததும் ஒரு இடத்தில் வாய் பிளந்தது, கத்தியால் கீறின மாதிரி. மேலே நிற்கிற கேஸ் அந்தக் கீறல் வழியாகப் பீரோடு கலந்து போயிருக்கிறது. புதிது போட்டு, கொஞ்சம் ஃபுட் கிரேடு சிலிக்கான் கிரீஸ் தடவி இறுக்கினேன். குழாயையும் 5 மில்லிமீட்டரில் மூன்று மீட்டர் மாற்றினேன்.

நேற்று ராத்திரி 285 மில்லி பாட் கிளாஸைச் சாய்த்து, டேப்பை முழுக்கத் திறந்து ஊற்றினேன். முதல் கிளாஸ் பாதி நுரை. இரண்டாவதில் பீர் தெளிவாக ஏறி, மேலே இரண்டு விரல் நுரை அப்படியே நின்றது. கேலக்ஸியின் அந்தப் பேஷன்ஃப்ரூட் வாசனை இப்போதுதான் மூக்குக்கு வந்தது. முதல் கிளாஸில் தெர்மாமீட்டர் வைத்தால் 11 டிகிரி, இரண்டாவதில் 5. டேப் இருக்கிற கதவு சூடாகிறது போல. சனிக்கிழமைக்குள் உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டப் போகிறேன். காற்று நேராக டேப்பின் பின்பக்கத்தில் அடிக்கும்படி வைக்க வேண்டுமா, இல்லை உள்ளே சுழன்றால் போதுமா?

கராஜ் ப்ரூவர்:
நேராக டேப்பின் பின்பக்கம். ஃபேனைக் கீழே குளிர்ந்த காற்று இருக்கிற இடத்தில் வைத்து, ஒரு அங்குலக் குழாயில் மேலே கொண்டுபோங்கள்.