கற்பூர மரம் வெட்டியபின் கொல்லையில் தண்ணீர் வடியவில்லை

கேள்வி (கட்டபெட்டு):
நீலகிரியில் எங்க வீட்டுக்கு மேல்புறச் சரிவில் நின்ற 5 பெரிய கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அனுமதி வாங்கி மார்ச்சில் வெட்டினோம். இந்த ஐப்பசி மழையில் கொல்லை சொதசொதன்னு நிற்குது. மழை விட்டு 3 நாளாகியும் வடியலை, சமையலறைச் சுவரில் ஓதம் ஏறுது. அடிக்கட்டைகளைப் பிடுங்கி, அங்கேயே உறிஞ்சுகுழி போடச் சொல்றாங்க. போடலாமா?

பதில் (குன்னூர்):
ரெண்டும் வேண்டாம் சார். உறிஞ்சுகுழி சமவெளி வைத்தியம். இங்கே வீட்டுக்கு மேலே குழி வெட்டினா, இறங்குற தண்ணீர் அஸ்திவாரத்துக்குத்தான் வந்து சேரும். கட்டையைப் பிடுங்கினா சரிவு மண் கலையும். தரையோடு அறுத்து விட்டு, துளிரை மட்டும் உடைச்சுக்கிட்டே இருங்க.

மரம் உறிஞ்சின தண்ணீர் இப்போ மண்ணிலேயே நிற்குது. தடிகளை இழுத்ததில் மேல்மண்ணும் இறுகியிருக்கும்.

சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, சரிவுக்குக் குறுக்கே வடிகால் எடுங்க: அகலம் ஒன்றரை அடி, ஆழம் 2 அடி, 10 மீட்டருக்கு 10 செ.மீ. வாட்டம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) வைச்சுப் பாருங்க, மலையில் கண்மட்டம் ஏமாத்தும். ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரிச்சு, கழுவின 20 மி.மீ. ஜல்லி 3 அங்குலம், அதுமேல் துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாய், துளை கீழ்நோக்கி. மேலேயும் ஜல்லி நிரப்பி, துணியை மடிச்சு மூடணும். துணி இல்லேன்னா செம்மண் வண்டல் ஜல்லியை அடைச்சிடும். கடைசியில் கல் பதிச்ச வாய்க்கால் வழியா ஓடையில் விடுங்க, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேண்டாம்.

பதில் (கோத்தகிரி):
வடிகால் வெட்டுறதுக்கு முன்னாடி 1 அடிக் குழி தோண்டிப் பாருங்க. தண்ணீர் ஊற்றாமலே ஊறி வந்தா அது ஊற்று. வடிகால் அதுக்கும் கீழே போகணும். இல்லேன்னா ஒருமுறை ஊற்றி வடிய விட்டு, மறுபடி நிரப்பி அளங்க. மணிக்கு 1 செ.மீ. கூட இறங்கலேன்னா களிமண், வடிகால் அவசியம். மளமளன்னு இறங்கினா மேல்மண்ணைக் கொத்திவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மழையில் பள்ளம் எடுக்காதீங்க, ஓரம் சரியும். தை மாசம் ஆரம்பிங்க. அதுவரைக்கும் ஆழமில்லாத மண் வாய்க்கால் போதும். தடுப்புச் சுவர் இருந்தா நீர்த்துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்க. அதில் சேறு கலந்து வந்தாலோ, மேலே தரையில் வெடிப்பு தெரிஞ்சாலோ அந்தப் பக்கத்து அறையில் தூங்க வேண்டாம், உடனே தாலுகா ஆபீசுக்குச் சொல்லுங்க.

கேள்வி (கட்டபெட்டு):
கூரைத் தண்ணீரையும் அதே குழாயில் சேர்க்கலாமா?

பதில் (குன்னூர்):
கூடாது. பெருமழையில் அது துளை வழியா மண்ணுக்குள்ளேயே பாயும். துளையில்லாத தனிக் குழாயில் ஓடை வரைக்கும் கொண்டுபோங்க.