புதுப்பிப்பு: அண்ணனின் கண் அழற்சி, அடுத்த பரிசோதனை

அண்ணனின் கண் அழற்சிக்குக் காரணம் பிடிபடவில்லை, கல்ச்சரில் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். பிசிஆர் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். பிசிஆர் நாம் சந்தேகப்படும் கிருமியை மட்டும்தான் தேடும். மரபணு வரிசையாக்கமோ, கண்ணுக்குள்ளிருந்து எடுத்த துளி நீரில் உள்ள மரபணுத் துண்டுகள் அத்தனையையும் படித்து, மனிதனுடையதைக் கழித்துவிட்டு, மிச்சம் எந்தக் கிருமியுடையது என்று பார்க்கும். 16 வருடமாகக் காரணம் தெரியாத யுவைட்டிஸோடு (கண்ணுக்குள் வரும் அழற்சி) இருந்த ஒருவருக்கு ரூபெல்லா வைரஸ் என்று சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்து 2016இல் வெளியிட்டது இப்படித்தான். பதினாறு வருடம்! படித்ததும் மனசு கனத்துப்போனது.

அண்ணனுக்கும் இந்த வரிசையாக்கத்தைச் செய்யலாமா என்று இன்று டாக்டரிடம் கேட்டோம். ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் மாதிரி அனுப்பலாம் என்றார். வியாழக்கிழமை எடுக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.